சூலகப் புற்றுநோயும் புரதமாகாத ஆர்.என்.ஏ.வும்

பழைய மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கும் வேலை வந்து சேர்ந்தால், யாரும் தொடாத சில ஆயிரம் வரிகள் அதில் கிடப்பதைக் காணலாம். எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார். பயனற்றவை என்று நினைத்து நீக்கினால், வேறெங்கோ ஒரு மூலையில் நிரல் முடங்கும். அந்த வரிகள் திரையில் எதையும் காட்டுவதில்லை. எது எப்போது ஓடவேண்டும், எது ஓடக்கூடாது என்று மட்டும் அவை தீர்மானித்துக் கொண்டிருந்திருக்கும். நம் மரபணுத் தொகுதியின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

மனித மரபணுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். அதில் புரதம் செய்வதற்கான குறிப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. மிச்சத்தை நெடுங்காலம் 'குப்பை டி.என்.ஏ.' என்றே அழைத்தார்கள். உண்மையிலேயே குப்பையும் அதில் உண்டு. ஆனால் ஒரு பகுதி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு, புரதமாக மாறாமல் ஆர்.என்.ஏ.வாகவே இருந்து வேலை செய்கிறது. இவற்றைத்தான் நான்-கோடிங் ஆர்.என்.ஏ. என்கிறார்கள். 1993-ல் விக்டர் அம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் வேலையை விளக்கினார்கள். புழுவின் விசித்திரம் என்று பலரும் அதை ஒதுக்கிவிட்டார்கள். 2000-ல் லெட்-7 என்ற இன்னொன்று புழுவிலும் மனிதரிலும் ஒன்றுபோல் இருப்பது தெரிந்த பிறகே கவனம் திரும்பியது. 2024-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நான் உயிரியல் படித்தவன் அல்ல. மதுரையில் என் சித்திக்குச் சூலகப் புற்றுநோய் வந்தபோதுதான், டோர்வலில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அவருக்கு ஏழெட்டு மாதமாக வயிற்று உப்புசம். இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும். வாயு என்று சொல்லிப் பூண்டும் பெருங்காயமும் ஓமத் தண்ணீருமாக நாட்கள் போயின. கண்டுபிடித்தபோது வயிற்றில் நீர் கோத்திருந்தது. தொலைபேசியில் சித்தி ஒன்றுதான் கேட்டார்: "எங்கேயோ ஒரு மூலையில இருந்தது, வயிறு பூரா எப்படிடா போச்சு?" அன்று என்னிடம் பதில் இல்லை.

இந்த நோயின் மிகக் கொடிய வகை பெரும்பாலும் சூலகத்தில் தொடங்குவதே இல்லை. கருக்குழாயின் நுனியில் தொடங்குகிறது. பரவுவதற்கு அது இரத்தக் குழாயைத் தேட வேண்டியதும் இல்லை. செல்கள் கழன்று, வயிற்றறைத் திரவத்தில் சிறு உருண்டைகளாக மிதந்து, குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையில் போய் ஒட்டிக்கொள்கின்றன.

செல்கள் ஏன் கழல்கின்றன? பக்கத்துச் செல்லோடு சேர்த்துப் பிடிக்கும் பசை போன்றது ஈ-கேடரின் என்ற புரதம். ஸெப்-1, ஸெப்-2 என்ற இரு புரதங்கள் அதன் உற்பத்தியை அடக்கக் கூடியவை. அந்த இரண்டையும் அடக்கி வைப்பது மிர்-200 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. குடும்பம் என்று 2008-ல் தெரியவந்தது. சுமார் 22 எழுத்து நீளமே உள்ள இந்தத் துண்டுகள், ஸெப் புரதங்களுக்கான செய்தி ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு, அது புரதமாவதைத் தடுக்கின்றன. மிர்-200 குறைந்தால் ஸெப் ஓங்கும், ஈ-கேடரின் குறையும், செல் பிடி விடும். ஆனால் கதை இத்தனை நேராக இல்லை. சூலகப் புற்றுக்கட்டிகளில் மிர்-200 மிகுந்திருப்பதாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. பிடி விட்ட செல், இறங்கிய இடத்தில் மறுபடி ஒட்டி வளரவும் வேண்டுமே!

மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை நறுக்கித் தருபவை ட்ரோஷா, டைசர் என்னும் இரு நொதிகள். ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் மையத்தினர் 111 கட்டிகளைச் சோதித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், 60 சதவீதக் கட்டிகளில் டைசரும் 51 சதவீதத்தில் ட்ரோஷாவும் குறைந்திருந்தன. இரண்டும் மிகுந்திருந்த பெண்கள் மற்றவர்களைவிட நெடுநாள் வாழ்ந்தார்கள்.

நீளமான ஆர்.என்.ஏ.க்களும் உண்டு. 2007-ல் கண்டறியப்பட்ட ஹோட்டேர் 2,000 எழுத்துக்கும் மேல் நீளமானது. மரபணுக்களைப் பூட்டிவைக்கும் புரதக் கூட்டமொன்றைச் சரியான கதவுக்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டி என்று அதைச் சொல்லலாம். அது மிகுந்த சூலகப் புற்றுகள் அதிகம் பரவுவதாகவும், பிளாட்டினம் மருந்துக்கு எளிதில் பணிவதில்லை என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

அப்படியானால் குறைந்த ஆர்.என்.ஏ.வை ஊசியில் ஏற்றிவிடலாமே என்று தோன்றும். மிர்-34 என்பதன் நகலைப் பல வகைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை, கடுமையான எதிர்ப்புசக்தி விளைவுகளால் 2016-ல் நிறுத்தப்பட்டது. 2018-ல் அனுமதி பெற்ற பாட்டிசிரான் என்ற ஆர்.என்.ஏ. மருந்து, பரம்பரை அமிலாய்டு நோய் ஒன்றுக்கானது. கல்லீரலில் வேலை செய்வது. வயிற்றறைக் கட்டிகளுக்கு மருந்தைக் கொண்டு சேர்ப்பது இன்னும் தீராத சிக்கல். நோயாளியின் இரத்தத்தில் கட்டியிலிருந்து வரும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் உண்டு என்பதும் 2008-லேயே தெரிந்தது. ஆயினும் எல்லோருக்கும் செய்யத்தக்க முன்கூட்டிய சோதனையாக அது இன்னும் ஆகவில்லை. இரண்டு லட்சம் பெண்களைப் பின்தொடர்ந்த பிரித்தானிய ஆய்வு, சிஏ-125 இரத்தச் சோதனையாலும் ஸ்கேனாலும் இறப்பு குறையவில்லை என்று 2021-ல் சொல்லிவிட்டது.

நான் வசிக்கும் மாண்ட்ரியால் தீவுக்கு இந்தக் கதையில் இரு பங்குகள் உண்டு. ஆன்-மரி மெஸ்-மாஸன் குழுவினர் இங்குள்ள நோயாளிகளின் கட்டிகளிலிருந்து வளர்த்த டோவ்-21ஜி, டோவ்-112டி போன்ற செல் வரிசைகளை உலகின் பல ஆய்வகங்கள் பயன்படுத்துகின்றன, மைக்ரோ ஆர்.என்.ஏ. சோதனைகள் பலவும் அவற்றில்தான் நடந்தன. மெக்கில் பல்கலைக்கழகத்தின் லூசி கில்பர்ட், 2008 முதல் 2011 வரை, அறிகுறிகள் உள்ள 50 வயது தாண்டிய 1,455 பெண்களைச் சோதித்தார். அதில் கண்டுபிடித்த கொடிய வகைப் புற்றுகளில் பெரும்பாலானவை சூலகத்துக்கு வெளியே தொடங்கியவை என்று 2012-ல் வெளியிட்டார். சூலகத்தை மட்டும் ஸ்கேனில் பார்த்தால் போதாது என்பதே அதன் பொருள்.

இப்போது சித்தியின் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்ல முடியும். கேட்க அவர் இல்லை. ஆர்.என்.ஏ. மருந்து வரும் நாள் வரட்டும். அதுவரை, இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் உப்புசம், சீக்கிரம் நிறைந்துவிடும் வயிறு, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் ஆகியவற்றை வாயு என்று ஒதுக்காதீர்கள். பெரும்பாலும் வேறு காரணமே இருக்கும். இருந்தாலும் ஊரில் இருக்கும் அம்மாவிடமும் அத்தையிடமும் அடுத்த முறை பேசும்போது, சாப்பாடு எப்படி இறங்குகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.