இயற்கையுணவும் பேணியுணவும்: பூனைத்தீனி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு என்றதும் அரசுகளையும் போர்களையும் நிலவுடைமையையும் மாத்திரமே எண்ணும் வழக்கம் நம்மிடையே இன்னும் நீங்கியபாடில்லை. வீட்டுப் பூனை எதை உண்கிறது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு என்றால் நகைப்போரும் உளர். ஆயினும், கைத்தொழிற் சமுதாயமொன்றில் உணவு எவ்வாறு விற்பனைப் பண்டமாகிறது, அப்பண்டத்தின் தரத்தை நிர்ணயிப்போர் யார், "இயற்கை" என்னும் சொல் அங்கு எத்தகைய பணியை ஆற்றுகிறது என்பனவற்றை ஆராய முற்படுவோருக்குப் பூனைத்தீனியின் வரலாறு நல்லதொரு சான்றாகும். மனிதன் தனக்கு ஒவ்வாத பண்டத்தை ஒதுக்கிவிட்டு வேறொன்றை நாடுவான். வீட்டினுள் அடைத்து வளர்க்கப்படும் பூனையோ தனக்கு இடப்படும் ஒரே உணவை ஆயுள் முழுவதும் உண்கிறது. அவ்வுணவிற் குறையிருப்பின் அது பூனையின் கண்ணிலும் இதயத்திலுமே வெளிப்படும். அவ்வாறு வெளிப்பட்ட ஒரு குறையின் வரலாறே இக்கட்டுரையின் பிரதான பொருளாகும்.

நமது கிராமங்களிற் பூனைக்கெனத் தனியே உணவு தேடப்படுவதில்லை. மீன்தலையும் முள்ளும் குழம்பு பிசைந்த சோறுமே அதன் பங்கு. எந்த உணவு அதற்கு நல்லது என்ற வினா அங்கு எழுவதேயில்லை. வறுமையோ அசட்டையோ மாத்திரம் இதற்குக் காரணமென்று கூறிவிடமுடியாது. வீட்டார் இடுவது பூனையின் உணவில் ஒரு பகுதியே; எஞ்சியதை அது நெல்மூட்டைகளுக்கிடையிலும் கூரை முகட்டிலும் தானே தேடிக்கொள்கிறது. எலியையும் அணிலையும் குடல், ஈரல், இதயம் உட்பட உண்ணும் பிராணிக்குச் சோறு வெறும் துணையுணவே. இவ்வுண்மையை மனத்திருத்திக்கொண்டால், மேனாடுகளிற் பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ளுதல் எளிதாகும்.

பூனையின் உணவு ஒழுங்கான வணிகமாக அமைந்திருந்தமையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனில் தெளிவாகக் காணலாம். அந்நகரின் வறியோர் வாழ்க்கையை 1851 ஆம் ஆண்டளவில் விரிவாக எழுதிவைத்த ஹென்றி மேஹியூ, பூனையிறைச்சி விற்போரைத் தனியொரு தொழிற்பிரிவினராகவே குறிப்பிடுகின்றார். பூனையிறைச்சி என்பது பூனைக்கான இறைச்சி. உண்மையில் அது குதிரையிறைச்சியாகும். அக்கால இலண்டனின் போக்குவரத்து முழுவதும் குதிரைகளின் முதுகிலேயே தங்கியிருந்தது. உழைத்து ஓய்ந்த குதிரைகள் கொல்களங்களுக்கு அனுப்பப்பட்டன. அங்கு அவித்தெடுக்கப்பட்ட இறைச்சியை வாங்கி, துண்டுகளாக்கிச் சிறு குச்சிகளிற் கோத்து, தள்ளுவண்டியில் தெருத்தெருவாகக் கூவி விற்றனர் இவ்வணிகர். ஏழைத் தொழிலாளி வீட்டுப் பூனைக்கும் இவ்விறைச்சி கிட்டியது. எனினும் அப்பூனையும் வேட்டையை விட்டுவிடவில்லை. இலண்டனில் எலிகளுக்குப் பஞ்சமிருக்கவில்லை.

இதே நகரில் 1860 ஆம் ஆண்டளவில் ஜேம்ஸ் ஸ்பிராற் என்னும் அமெரிக்கர் நாய்களுக்கான பிஸ்கற்றைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். கப்பல் மாலுமிகளின் காய்ந்த பிஸ்கற்றுகளைத் துறைமுக நாய்கள் உண்ணக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் உதித்தது என்பது வழிவழி வரும் கதை. ஆலையில் தயாரித்த விலங்குத்தீனி என்னும் பண்டம் இவ்வாறு தோற்றம் பெற்றது. வாங்குவோரும் மாறினர். 1871 யூலையில் ஹரிசன் வெயர் இலண்டன் பளிங்கு மாளிகையிற் பெரும் பூனைக் கண்காட்சியொன்றை நடத்தினார். எலிபிடிக்கும் வேலையாளாயிருந்த பூனை, நடுத்தர வகுப்பினரின் வரவேற்பறையில் இடம்பெறத் தொடங்கிய காலம் அது.

அடுத்த கட்டம் ஐக்கிய அமெரிக்காவுக்குரியது. மோட்டார் வண்டியின் வருகையினாற் பயனற்றுப்போன குதிரைகள் அங்கும் விலங்குத்தீனியாயின. 1922 இல் இலினோய் மாநிலத்திலிருந்து குதிரையிறைச்சி அடைத்த தகரப்பேணிகள் நாய்களுக்கென விற்பனைக்கு வந்தன. பூனைக்கான பேணிகளில் மீனே பெரிதும் இடம்பெற்றது. சூரை மீனை மனிதருக்காகப் பேணியில் அடைக்கும்போது அதன் கருஞ்சிவப்புத் தசை ஒதுக்கப்படுவதுண்டு. ஒதுக்கப்பட்ட அத்தசை பூனைகளுக்கென மற்றொரு பேணியிற் புகுந்தது. பூனை அதனை ஆவலுடன் உண்டது. ஆயின் மீனெண்ணெய் மிக்க இவ்வுணவையே தொடர்ந்து உண்டு வந்த பூனைகளின் உடற்கொழுப்பு மஞ்சளாகி வீங்கிப் பெருநோவு தரும் நோய் தோன்றியது. விற்றமின் ஈ பற்றாமையே இதற்குக் காரணமென 1950களில் நிறுவப்பட்டது. பூனை விரும்பி உண்பதெல்லாம் அதற்கு நன்மையானதே என்ற நம்பிக்கைக்கு இது முதலாவது மறுப்பு எனலாம்.

1942 இல் யுத்தத்தேவை காரணமாகத் தகரப் பாவனை கட்டுப்படுத்தப்பட்டபோது, பேணியுணவின் இடத்தை உலர்தீனி கைப்பற்றலாயிற்று. 1950களில் மாவை அழுத்தத்துடனும் வெப்பத்துடனும் பிதுக்கிப் பொரியாக்கும் இயந்திரங்கள் இத்துறைக்கு வந்தன. அவ்வகைப் பொரி உருப்பெற மாப்பொருள் வேண்டும். ஊனுண்ணியான பூனையின் கலத்தில் சோளமும் கோதுமையும் இவ்வளவாக இடம்பெற்றது பூனையின் தேவையினால் அன்று. இயந்திரத்தின் தேவையும் தானியத்தின் விலைமலிவுமே அதனைத் தீர்மானித்தன.

இவை யாவற்றையும்விட முக்கியமான மாற்றத்தை ஏற்படுத்திய பண்டம் உணவன்று. 1947 இல் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த எட்வேட் லோ என்பவர், பூனையின் கழிவை உறிஞ்சவல்ல களிமண் துகளைப் பொதிசெய்து விற்கத் தொடங்கினார். அதுகாறும் சாம்பலோ மணலோ நிரப்பிய பெட்டியுடன் இடர்ப்பட்டவர்கள் இதன்பின் பூனையை வெளியே விடவேண்டிய அவசியமின்றிப் போயிற்று. நகர மாடிவீடுகளில் ஒருநாளேனும் மண்ணை மிதியாத பூனைகள் பெருகின. எலியும் பறவையும் அவற்றின் வாழ்விலிருந்து மறைந்தன. துணையுணவாயிருந்த ஆலைத்தீனி முழுவுணவாயிற்று. அது முழுவுணவாகும் தகுதியுடையதா என்று ஆராய்ந்த பின்னர் இம்மாற்றம் நிகழவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

ஆராயத்தக்க குறிப்பொன்று அதற்கு முன்னரே கிடைத்திருந்தது. கலிபோர்னியாவின் மொன்றோவியாவில் இருந்த காசநோய்ச் சிகிச்சை நிலையத்தில் வைத்தியர் பிரான்சிஸ் பொற்றெஞ்சர், அதிரீனற் சுரப்பிச் சாற்றின் வலுவை அளவிடுவதற்காகப் பூனைகளை வளர்த்துவந்தார். நிலையத்துச் சமையலறையில் மிஞ்சிய சமைத்த இறைச்சி, பால், மீனெண்ணெய் ஆகியவற்றை உண்ட பூனைகள் சத்திரசிகிச்சையைத் தாங்காது இறந்தன. எண்ணிக்கை கூடியதும் சமையலறை மிச்சம் போதாமற் போகவே, இறைச்சிச்சாலையிலிருந்து பச்சையிறைச்சித் துண்டுகள் வருவிக்கப்பட்டன. அவற்றை உண்ட கூட்டத்துப் பூனைகள் நன்கு பிழைத்தன. தற்செயலாகக் கண்ட இவ்வேறுபாட்டை அவர் 1932 முதல் 1942 வரை, ஏறக்குறைய 900 பூனைகளைக் கொண்டு தொடர்ந்து அவதானித்தார். சமைத்த இறைச்சியுண்ட பூனைகளின் வழித்தோன்றல்கள் தலைமுறைக்குத் தலைமுறை நலிவுற்று, மூன்றாந் தலைமுறையளவில் இனப்பெருக்கமே அற்றுப்போகும் நிலையை எய்தின என அவர் எழுதினார்.

பச்சையுணவே இயற்கையுணவு, சமைத்தல் கேடு என வாதிடுவோர் இன்றும் பொற்றெஞ்சரையே துணைக்கழைக்கின்றனர். அவர் கண்டது பொய்யன்று. ஆயின் காட்சி வேறு, காரணம் வேறு. சமைக்கும்போது இறைச்சியிலிருந்து எது குறைந்தது என்பதை அறியும் வாய்ப்பு அக்காலத்தில் அவருக்கு இருக்கவில்லை.

குறைந்தவற்றுள் ஒன்று தோரின் என்னும் பொருள். 1827 இல் ஜேர்மானிய விஞ்ஞானிகளான தீடெமானும் கிமெலினும் எருதின் பித்தநீரிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். எருதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே அதன் பெயரும் பிறந்தது. கந்தகஞ் சேர்ந்த இவ்வமிலம் தசையிலும் இதயத்திலும் மூளையிலும் விழித்திரையிலும் செறிந்துள்ளது. தாவரவுணவில் அநேகமாக இல்லை. நாய் போன்ற பல விலங்குகள் இதனைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். பூனையிடம் அதற்கு வேண்டிய நொதியங்களின் தொழிற்பாடு மிகக் குறைவு. போதாக்குறைக்கு, பித்தவமிலங்களைப் பிணைப்பதற்குப் பூனை தோரினையன்றி வேறொன்றைப் பயன்படுத்துவதில்லை. ஆதலால் நாள்தோறும் அது இழக்கப்படுகிறது. எலியை உண்டு வாழ்ந்த காலமெல்லாம் இது ஒரு குறையாகவே இருக்கவில்லை. எலியின் உடலில் தோரின் நிறைய உண்டு. நமது வீட்டுப் பூனை குழம்புச் சோற்றுடன் பிழைத்திருப்பதன் இரகசியமும் பெரும்பாலும் இதுவே.

1975 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. சி. ஹேய்ஸும் அவர்தம் சகாக்களும் "சயன்ஸ்" சஞ்சிகையில் ஒரு முடிவை வெளியிட்டனர். பாற்புரதமாகிய கேசீனை மாத்திரம் புரதமாகக் கொண்ட உணவில் வளர்ந்த பூனைகளின் விழித்திரை சிதைந்து குருடாகியமைக்குத் தோரின் குறைவே காரணம் என்பது அம்முடிவு. அதன்பின் உற்பத்தியாளர் தோரினைக் கணக்கிலெடுக்கத் தொடங்கினர். நிபுணர் குழுக்கள் அளவுகளையும் விதந்துரைத்தன. பிரச்சினை தீர்ந்ததென்றே எண்ணப்பட்டது.

அது தீரவில்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான வளர்ப்புப் பூனைகள் இதயம் விரிந்து தளரும் நோயினால் இறந்துகொண்டிருந்தன. 1987 இல் டேவிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் பயன், மார்க் கிற்றில்சன், குவின்ரன் றொஜர்ஸ், ஜேம்ஸ் மொறிஸ் ஆகியோர் அதே சஞ்சிகையில் எழுதிய கட்டுரை இத்துறையை உலுக்கிற்று. இந்நோயுற்ற 21 பூனைகளின் குருதியில் தோரின் மிகக் குறைந்திருந்தது. அவை தெருவிற் கிடந்ததை உண்டவையல்ல; விலைகொடுத்து வாங்கிய ஆலைத்தீனியையே உண்டவை. தோரினைத் தனியே ஊட்டியபோது அவற்றின் இதயத் தொழிற்பாடு வழமைக்குத் திரும்பிற்று. மரணத்தில் முடியும் எனக் கருதப்பட்ட இதயநோயொன்று உணவினாற் குணமாயிற்று.

இங்குக் கவனிக்கவேண்டியது யாதெனின், அத்தீனிகளுட் பல அக்கால விதப்புரைகளுக்கு அமைந்தவையாகவே தோன்றின என்பதாகும். விதப்புரைகளோ பெரிதும் ஆய்வுகூடத்துத் தூய உணவுகளை அடிப்படையாகக் கொண்டிருந்தன. பேணியில் அடைத்து உயர்வெப்பத்தில் வேகவைத்த உணவு குடலில் வேறுவிதமாக நடந்துகொள்கிறது. அங்குள்ள பற்றீரியாக்கள் தோரினைக் கூடுதலாகச் சிதைக்கின்றன. உணவில் இருப்பது ஒன்று, உடலிற் சேர்வது இன்னொன்று. இதனாலேயே இன்றைய அமெரிக்க நியமம் உலர்நிறை அடிப்படையிற் பொரித்தீனிக்கு 0.1 சதவீதமும் பேணியுணவுக்கு அதன் இருமடங்காகிய 0.2 சதவீதமும் தோரின் வேண்டுமெனக் கூறுகின்றது. 1987 இன் பின்னர் இந்நோய் அரிதாயிற்று. அதற்கு உதவியது ஆலையிற் செயற்கையாகத் தொகுக்கப்பட்ட தோரின் தூளே.

இனி "இயற்கை" என்னும் சொல்லுக்கு வருவோம். 1909 இல் நிறுவப்பட்ட அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் வரைவிலக்கணப்படி, தாவரம், விலங்கு, கனிமம் ஆகிய மூலங்களிலிருந்து மாத்திரம் பெறப்பட்டு, இரசாயனத் தொகுப்புக்கு உட்படாததே இயற்கையானது. இவ்வரைவிலக்கணத்தைக் கடுமையாகப் பின்பற்றினால் தொகுக்கப்பட்ட தோரின் சேர்ந்த எவ்வுணவும் இயற்கையானதன்று. ஆகவே "சேர்க்கப்பட்ட விற்றமின்களும் கனிமங்களும் ஏனைய போசணைப் பொருள்களும் கொண்ட இயற்கையுணவு" என ஒரு விலக்கு வகுக்கப்பட்டது. பூனையின் உயிரைக் காப்பது பெயர்ச்சீட்டில் விலக்காகவும், வாங்குவோர் மனத்தைக் கவர்வது தலைப்பாகவும் அமைந்துவிட்டன. இது முற்றிலும் ஏமாற்று என்று நான் கூறேன். ஆயின் தெரிவுக்குரிய அளவுகோலாக அச்சொல்லைக் கொள்வது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை.

எதிர்த்தரப்பாரின் வாதத்திலும் நியாயம் உண்டு. 2007 மார்ச்சிற் கனேடிய நிறுவனமொன்று 60 மில்லியனுக்கு மேற்பட்ட பேணிகளையும் பொதிகளையும் மீளப்பெற நேர்ந்தது. சீனாவிலிருந்து வந்த, கோதுமைப் புரதம் எனப்பட்ட பொருளில் மெலமின் கலக்கப்பட்டிருந்தது. புரதத்தை நைதரசனின் அளவுகொண்டு மதிப்பிடும் சோதனையை ஏமாற்றவே அக்கலப்படம் செய்யப்பட்டது. சிறுநீரகங்களிற் பளிங்குகள் படிந்து பல பூனைகள் மடிந்தன. ஆலையின்மீது அவநம்பிக்கை கொண்டோர் இதன்பின் பச்சையிறைச்சியை நாடியதிற் புதுமையில்லை. எனினும் 2024 டிசெம்பரில் ஒறிகன் மாநிலத்தில், வீட்டைவிட்டு வெளியேறாத பூனையொன்று, உறையவைத்த பச்சைத்தீனியிலிருந்த பறவைக்காய்ச்சல் வைரசினால் இறந்தது. அவிக்காத உணவு என்பதனால் மாத்திரம் பாதுகாப்புக் கிட்டிவிடவில்லை.

கொழும்பின் தொடர்மாடி வீடுகளிலும் இன்று வெளியே இறங்காத பூனைகள் வாழ்கின்றன. இறக்குமதித்தீனிப் பொதிகள் கடைகளில் அடுக்கப்பட்டுள்ளன. அத்தகைய பொதியை வாங்குவோர் முன்புறத்து இலைப்படத்தையும் பெரிய எழுத்தையும் விட்டு, பின்புறத்துச் சிறிய எழுத்துக்களைப் படித்தல் வேண்டும். "முழுமையானதும் சமநிலையானதும்" என்ற கூற்று அங்கு உண்டா, குட்டிக்கா வளர்ந்த பூனைக்கா அது பொருந்துவது, அல்லது இடையிடையே கொடுக்கும் துணையுணவு என்று மாத்திரம் குறிக்கப்பட்டுள்ளதா என்பனவே பார்க்கத்தக்கவை. அண்மையில் நான் கடையொன்றிற் கையிலெடுத்துப் பார்த்த பொதியின் முகப்பில் "இயற்கை" என்னும் சொல் ஆங்கிலத்திற் பச்சை நிறத்தில் விரலளவு உயரத்தில் இருந்தது. தோரினைத் தேடினேன். சேர்மானப் பட்டியலின் இறுதி வரிகளில், விற்றமின்களுக்கும் உப்புக்களுக்கும் இடையில், கண்ணாடி அணிந்தோரும் சற்று உற்றுநோக்கவேண்டிய எழுத்தில் அது இருந்தது.