பல் வெனீர்: வகைகளும் தேர்வும்

முன்பல்லின் வெளிமுகத்தில் மட்டும் ஒட்டப்படும் மெல்லிய ஓடுதான் வெனீர். பல்லைச் சுற்றிலும் மூடும் கிரவுன், அதாவது பேச்சு வழக்கில் ‘கேப்’, வேறு. போகாத கறை, விளிம்பு உடைந்த பல், பற்களுக்கு நடுவே சிறு இடைவெளி, இயல்பிலேயே சிறுத்துப்போன பல் ஆகியவற்றைச் சீர்செய்ய வெனீர் உதவுகிறது. எந்தப் பொருளில் செய்யலாம் என்றே பலரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பல்லில் எனாமல் எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவு தேய்க்கப்படப் போகிறது? தேய்த்த எனாமல் மறுபடி வளராது.

வெனீரின் பிறப்பிடம் ஹாலிவுட். 1920களின் இறுதியிலும் 1930களிலும் சார்லஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர் நடிகர்களுக்காக மெல்லிய தகடுகளைச் செய்து, செயற்கைப் பல்செட்டை நிறுத்தும் பசைத்தூளால் ஒட்டிவிட்டார். பால்பற்கள் விழுந்துகொண்டிருந்த வயதிலும் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் திரைச் சிரிப்பில் இடைவெளி தெரியாததற்கு இவரது கைவேலையே காரணம். படப்பிடிப்பு முடிந்ததும் தகட்டைக் கழற்றிவிட வேண்டும்; அதோடு சாப்பிட முடியாது.

நிரந்தரமாக ஒட்டும் வழி 1955இல் கிடைத்தது. எனாமல்மீது பாஸ்பாரிக் அமிலம் தடவிக் கழுவினால் பரப்பு நுண்துளைகளோடு சொரசொரப்பாகும், பிசின் அதற்குள் புகுந்து இறுகும் என்று அமெரிக்காவின் மைக்கேல் புவோனோகோர் காட்டினார். 1980களின் தொடக்கத்தில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஜான் கலாமியா உள்ளிட்டோர் பீங்கானின் உட்பக்கத்தையும் ஹைட்ரோபுளூரிக் அமிலத்தால் அரித்து ஒட்டும் முறையை வளர்த்தெடுத்தார்கள். இன்றைய பீங்கான் வெனீர்களில் பெரும்பாலானவை இந்த இரட்டை அரிப்பில்தான் நிற்கின்றன.

விலை குறைந்தது காம்போசிட். பல் நிறப் பிசினை மருத்துவரே பல்மீது அடுக்கடுக்காக வைத்து, நீல ஒளி காட்டி இறுக்கி, செதுக்கி மெருகேற்றுகிறார். பெரும்பாலும் ஒரே அமர்வில் வேலை முடிந்துவிடும். பல்லைத் தேய்ப்பதும் மிகக் குறைவு. மூலை உடைந்தால் அந்த இடத்தை மட்டும் பூசிக்கொள்ளலாம். ஆனால் மெருகு மங்கும், நிறம் ஏறும். டீ, காபி, வெற்றிலையோடு நம் சாம்பார் மஞ்சளும் காம்போசிட்டில் நன்றாகவே பிடிக்கும். ஐந்தாறு ஆண்டுகளில் புதுப்பிக்க வேண்டிவரலாம். இருந்தும், இன்னும் வளரும் வயதிலிருப்பவர்களுக்கும் முடிவெடுக்கத் தயங்குகிறவர்களுக்கும் இதுவே நல்ல தொடக்கம்.

பீங்கானில் பழையது ஃபெல்ட்ஸ்பார் வகை. லேப் கலைஞர் பொடியைக் குழைத்து, தூரிகையால் அடுக்கி, சூளையில் சுடுகிறார். 0.3 மில்லிமீட்டர் அளவுக்கும் மெல்லியதாகச் செய்யலாம். ஒளி ஊடுருவும் விதத்தில் இயற்கைப் பல்லை ஒத்திருப்பதில் இதை மிஞ்ச ஆளில்லை. பலவீனம் என்னவென்றால் வளைவைத் தாங்கும் வலிமை 100 மெகாபாஸ்கலை எட்டுவதே அரிது. லித்தியம் டைசிலிகேட் கண்ணாடிப் பீங்கானில் அது ஏறக்குறைய 400. லிக்டன்ஸ்டைனின் இவோகிளார் நிறுவனம் விற்கும் ‘இ.மேக்ஸ்’ இந்த வகைதான். வலிமை, அழகு இரண்டும் வேண்டுவோருக்கு இது பொருந்தும். சிர்கோனியா இதைவிடவும் உறுதியானது. ஆனால் அதில் கண்ணாடிப் பகுதி இல்லாததால் வழக்கமான அமில அரிப்பு எடுபடாது. தனி ஒட்டுமுறை தேவை. ‘உடையவே உடையாது’ என்ற விளம்பரத்தை நம்பி வெனீருக்கு அதைத் தேர்ந்தெடுப்பவர்கள், உடைவதற்கு முன்பே ஓடு கழன்று வரலாம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

‘பல்லைத் தேய்க்காமலே வெனீர்’ என்பதும் உண்டு. சிறிய பல், உள்வாங்கிய பல் உள்ளவர்களுக்கு அது வரம். ஏற்கெனவே துருத்திய பல்லில் ஒட்டினால் உதடு தூக்கிக்கொண்டு நிற்கும்.

முன்பல்லின் எனாமல் ஈறோரத்தில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும். தேய்ப்பது அதைத் தாண்டினால் அடியிலுள்ள டென்டின் வெளிப்படும். பல் கூசும், ஒட்டும் வலு குறையும். வெனீருக்காகப் பல்லில் 3 முதல் 30 விழுக்காடும், கிரவுனுக்காக 60 விழுக்காட்டுக்கு மேலும் நீக்கப்படுவதாக 2002இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொல்கிறது. பிரிட்டன் இளைஞர்கள் பலர் மலிவாக வெனீர் போடத் துருக்கிக்குப் பறந்து, கூம்பாகச் சீவிய பற்களும் கிரவுன்களுமாகத் திரும்பியது இந்த வேறுபாடு புரியாததன் விளைவு.

தமிழ்நாட்டில் வெனீர் கேட்டு வருவதற்கு அழகு ஆசையைத் தாண்டிய காரணமும் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுதி. சிறுவயதில் அந்த நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் சுண்ணாம்பு வெள்ளைக் கோடுகளும் பழுப்புக் கறையும் பள்ளமும் விழுகின்றன. 2013இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கமே இதைத் தடுப்பதுதான். புளூரைடு ஏறிய எனாமலின் மேலடுக்கு அமிலத்துக்கு எளிதில் அரிபடாது. அதனால் மருத்துவர் கூடுதல் நேரம் அமிலம் வைப்பார், அல்லது மேலடுக்கை இலேசாகத் தேய்ப்பார். கறை மேலோட்டமாக இருந்தால் வெனீரே வேண்டாம். நுண்தேய்ப்பும் பிளீச்சும் போதும். கறை அடர்ந்திருந்தால் மெல்லிய ஃபெல்ட்ஸ்பார் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒளி புகாத அடுக்குள்ள வகை வேண்டும்.

நிறம் பார்ப்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஏ1 முதல் டி4 வரை 16 மாதிரிப் பற்கள் கோத்த நிற வரிசையை மருத்துவர் பல்லருகே பிடித்துப் பார்க்கிறார். இதைச் சிகிச்சையின் முதல் வேலையாக, உதட்டுச்சாயம் துடைத்து, பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும். வாய் திறந்தபடி சிறிது நேரம் போனாலே பல் உலர்ந்து வெளுத்துத் தெரியும். அந்த வெளுப்புக்கு வெனீர் செய்துவிட்டால் பக்கத்துப் பல்லோடு சேராது. பல்லைத் தொடும் முன் மெழுகு மாதிரியிலிருந்து தற்காலிகப் பிசின் ஓட்டைப் பல்மேல் போட்டுக் காட்டச் சொல்வதும் நோயாளியின் உரிமை. அதோடு பேசிப் பார்க்கலாம், கண்ணாடியில் சிரித்துப் பார்க்கலாம்.

தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்கள் எந்த வகையைப் போட்டாலும் இரவில் பற்காப்பு அணிய வேண்டும். ஈறு நோயும் சொத்தையும் இருந்தால் அவற்றைத் தீர்த்த பிறகே வெனீர். நன்றாக ஒட்டிய பீங்கான் வெனீர்களில் பத்துக்கு ஒன்பது பத்தாண்டு தாண்டியும் நிற்கின்றன. எனினும் 25 வயதில் போட்டவர் வாழ்நாளில் இரண்டு மூன்று முறையாவது மாற்ற நேரும். பீங்கானைப் பொதுவாகத் தேய்த்துத்தான் எடுக்கிறார்கள். உள்ளே இருக்கும் பசையும் பல் நிறத்திலேயே இருப்பதால், ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் எனாமல் சேர்ந்தே போகிறது.