மிதப்புச் சிறகு

மிதப்புச் சிறகு என்பது ஸ்கூபா முக்குளிப்பவரின் முதுகுக்கும் சிலிண்டருக்கும் இடையே பொருந்தும் காற்றுப்பை. புழக்கத்தில் 'விங்' என்றே சொல்கிறார்கள். பயிற்சி மையங்களில் மாட்டிவிடும் சட்டை வடிவ மிதப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் (பி.சி.டி.) காற்று விலாவைச் சுற்றியும் நிரம்பி இறுக்கும். விங்கில் காற்று முழுவதும் முதுகுப்பக்கமே நிற்கும். விங்கைத் தாங்கும் உலோகத் தகடும் நைலான் வாரும் தனித்தனிப் பொருட்கள். வேண்டியதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இந்த அமைப்பு அமெரிக்காவின் வட ஃப்ளோரிடா குகைகளில் உருவானது. கூரை தாழ்ந்த, அடியில் வண்டல் படிந்த குகையில் கால் தாழ்ந்து நீந்தினால் வண்டல் கிளம்பி வழியே மறைந்துவிடும். உடல் கிடைமட்டமாக இருக்க வேண்டும், எதுவும் தொங்கக் கூடாது. இந்தத் தேவையை வைத்துக் கருவிகளைச் சீர்செய்த குகை முக்குளிப்பாளர்களில் ஒருவர் வில்லியம் ஹோகார்த் மெயின். இவ்வாறு கருவிகளை அமைக்கும் முறைக்கு 'ஹோகார்த்தியன்' என்ற பெயர் அவரால் வந்தது.

விங் வாங்குவோர் செய்யும் முதல் தவறு, பெரியது பாதுகாப்பு என்று நினைப்பது. விங்கின் முக்கிய வேலை இரண்டு இழப்புகளை ஈடுகட்டுவது. ஒன்று, சிலிண்டரில் உள்ள காற்றின் எடை. 11.1 லிட்டர் கொள்ளளவுள்ள அலுமினியச் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைபடும் காற்று சுமார் 2.7 கிலோ இருக்கும். நிறைந்திருக்கையில் கடலில் மெல்ல மூழ்கும் இந்தச் சிலிண்டர், காலியானதும் சுமார் 2 கிலோ தூக்குவிசையோடு மிதக்கும். மற்றொன்று, நியோப்ரீன் உடை. 30 மீட்டரில் அழுத்தம் 4 மடங்காவதால் அதிலுள்ள குமிழிகள் நசுங்கி, உடை தன் மிதப்பில் பெரும்பகுதியை இழக்கும். வெப்பமண்டலக் கடலுக்கான 3 மி.மீ. உடையில் இது ஒன்றிரண்டு கிலோ; குளிர்நீருக்கான 7 மி.மீ. உடையில் பல கிலோ.

இதோடு, ஆள் கழற்றிவிட்ட பின்பும் கருவித்தொகுதி தானே மிதக்க வேண்டும். எஃகுத் தகடு, ரெகுலேட்டர், நிறைந்த அலுமினியச் சிலிண்டர் எல்லாம் சேர்ந்து நீரில் 5 கிலோ அளவுக்கே கீழிழுக்கும்; அதில் மூழ்குவதற்கான ஈயக்கட்டி மாட்டியிருந்தால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். எனவே ஒற்றைச் சிலிண்டருக்கு 13 முதல் 18 கிலோ தூக்கும் விங் போதும். இரட்டைச் சிலிண்டருக்கு 18 முதல் 27 கிலோ. ஒற்றைச் சிலிண்டரில் இரட்டைக்கான விங்கை மாட்டினால் அதன் ஓரங்கள் சிலிண்டரைச் சுற்றி மடிந்து காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியேற்ற வால்வை இழுத்தாலும் வராது.

விங்கைக் குறைசொல்லும் பலருக்கு உண்மையில் சரியில்லாதது ஈயக்கட்டியின் அளவு. 4 கிலோ ஈயம் கூடுதலாகக் கட்டியவர் அதைத் தாங்க விங்கில் எப்போதும் 4 லிட்டர் காற்று கூடுதலாக வைத்திருக்க வேண்டும். 10 மீட்டரிலிருந்து மேலே வரும்போது அது 8 லிட்டராகிவிடும். நேரத்தில் வெளியேற்றாவிட்டால் ஆள் மேல்நோக்கிப் பாய்வார். சரியான அளவைக் காண நல்ல வழி, முக்குளிப்பின் இறுதியில், சிலிண்டரில் 50 பாருக்கும் குறைவாக இருக்கையில், 5 மீட்டரில் விங்கைக் காலிசெய்து அசையாமல் நிற்க முடிகிறதா என்று பார்ப்பது. ஏரியில் பார்த்த அளவு கடலுக்குப் போதாது. கடல்நீர் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. கருவிகளோடு 100 கிலோ இருப்பவருக்கு இன்னும் 2.5 கிலோ வேண்டும்.

அடுத்தது சமநிலை. கால் தாழ்ந்தால் சிலிண்டரைப் பட்டையில் சற்று மேலேற்ற வேண்டும். தலை தாழ்ந்தால் கீழிறக்க வேண்டும். அலுமினியச் சிலிண்டர் நீரில் கனமில்லாததால் இதற்குப் பலன் குறைவு. அப்போது இடுப்பிலிருந்து 1 கிலோ ஈயத்தை மேல்பட்டைக்கு மாற்றலாம். தோள்வாரை இறுக்கிக்கொள்வது பொதுவான பிழை. கை தாராளமாக நுழையும் தளர்வு வேண்டும். தொகுதி மேலேறாமல் பிடித்து வைப்பது கவட்டு வாரின் வேலை. நீர்மட்டத்தில் விங்கை முழுக்க நிரப்பினால் முகம் முன்னே சாயும், ஆகவே தலை வெளியே நிற்கும் அளவு காற்றே போதும்.

உப்பு உள்ளேயும் போகும் என்பதால் கழுவும்போது பைக்குள் நன்னீர் விட்டுக் குலுக்கி ஊற்ற வேண்டும். பயணத்துக்கு முந்தைய இரவு விங்கை நன்றாக ஊதி வைத்துவிடுங்கள். காலையில் தளர்ந்திருந்தால் அந்த விங்கைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.