வஞ்சினக்காஞ்சி

போருக்குப் புறப்படும் வீரன், பகையை வெல்லாவிட்டால் தனக்கு இன்ன கேடு நேரட்டும் என்று சூளுரைப்பது வஞ்சினக்காஞ்சி. புறநானூற்றின் 71, 72, 73 ஆம் பாடல்கள் இத்துறையின. மூன்றையும் பாடியவர்கள் புலவர்கள் அல்லர். படை நடத்திய அரசர்கள்.

எல்லா அரசர்களின் குரலும் இப்படிக் கிடைக்கவில்லை. பெண்ணையாற்றங்கரையில் உள்ளது திருக்கோவலூர். சங்க காலத்தில் இது மலையமான் திருமுடிக்காரியின் ஊர். கொல்லிமலை ஓரியைக் கொன்ற காரியைக் கபிலரும் மாறோக்கத்து நப்பசலையாரும் பாடினர். காரி பாடியதாக ஒரு பாட்டும் புறநானூற்றில் இல்லை. அவன் கொடையும் வீரமும் தெரிகின்றன. களத்துக்குப் போகும்போது அவன் மனத்தில் ஓடியது தெரியவில்லை. அந்த மனத்தைக் காட்டுவதாலேயே அரசர் பாடல்கள் அரியவை.

தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை எதிரிகள் சிறுவன் என்று இகழ்ந்தனர். அந்தக் காயம் 72ஆம் பாட்டில் வெளிப்படையாகத் தெரிகிறது. தோற்றால் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலிய புலவர்கள் என் நாட்டைப் பாடாது போகட்டும் என்கிறான். உயிர் போகட்டும் என்று அவன் சொல்லவில்லை. 73இல் சோழன் நலங்கிள்ளி, அடிபணிந்து கேட்டால் அரசையே தருவேன் என்கிறான். இகழ்ந்தவரை வெல்லாவிட்டால், அன்பில்லாத பெண்களின் தழுவலில் என் மாலை கசங்கட்டும் என்கிறான்.

ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் (71) முதலில் பணயம் வைப்பது மனைவியோடு வாழும் வாழ்வை. அடுத்து முறைதவறாத ஆட்சி, நண்பர்களின் கூட்டு. கடைசியாகப் பாண்டியர் குடியில் பிறக்கும் பேறு. ஒருவன் தன்னை யார் என்று நினைக்கிறான் என்பதற்கு இதைவிடத் தெளிவான பட்டியல் சங்கப் பாடல்களில் இல்லை. அவன் இறந்தபின் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயும்முன் பாடியது 246ஆம் பாட்டு. தடுத்த சான்றோரிடம், கணவனை இழந்த எனக்குத் தாமரைக் குளமும் ஈமத்தீயும் ஒன்றே என்கிறாள். சூளில் அவன் அஞ்சிய பிரிவை அவள் வாழ்ந்து முடித்தாள்.

74ஆம் பாட்டு சூள் அன்று, தோற்றவனின் குரல். சோழன் செங்கணானிடம் தோற்றுச் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, கேட்ட தண்ணீர் காலந்தாழ்ந்து வந்தபோது அதைக் குடிக்காமல் பாடி இறந்தான் என்கிறது பாட்டின் அடிக்குறிப்பு. இறந்து பிறந்த குழந்தையையும் வாளால் கீறும் குடியில் பிறந்தவன், நாய்போல் சங்கிலியில் கிடந்து பகைவரிடம் நீர் இரந்ததை நினைத்துக் கூசுகிறான். முதல் உலகப்போரில் மனம் நொந்து 1917இல் எடின்பரோ மருத்துவமனையில் சந்தித்த ஆங்கிலக் கவிஞர்கள் வில்ஃபிரட் ஓவனும் சீக்ஃபிரட் சசூனும் போரின் கொடுமையைப் பாடினர். இரும்பொறை பாடுவது தன் மானத்தின் சிதைவை.

உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை 1894இல் பதிப்பித்தார். இந்த அரசர்களை அறிய விரும்புவோர் 71 முதல் 74 வரையிலான பாட்டுகளோடு 246ஐயும் சேர்த்தே படிக்க வேண்டும்.