பத்தரைக்குப் பிறகு பதின்மூன்று ரூபா

2015 இல் ஜப்பானில் பாவித்த நிசான் லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் இலங்கையில் வந்திறங்கின. அப்போது மின்காருக்கு வரி குறைவு. வாங்கினவர்களுக்குக் கரண்ட் பில் வந்தபோதுதான் உறைத்தது. வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. அப்போது மாதம் 180 அலகைத் தாண்டினால் மேலதிக அலகு ஒவ்வொன்றும் 45 ரூபா. லீஃபின் பற்றரியோ 24 அலகு பிடிக்கும். ஒருதரம் நிரப்ப ஆயிரம் ரூபாவுக்கு மேல். பெற்றோல் காரை ஏன் விற்றோம் என்று யோசிக்க அது போதும்.

அந்த ஆண்டு செப்டம்பரில் மின்சார சபை வீடுகளுக்கும் நேரக் கட்டணத்தைக் கொண்டுவந்தது. விரும்பியவர்கள் நேரம் பிரித்துக் கணக்கெடுக்கும் மீற்றரைப் பூட்டிக்கொள்ளலாம். அப்போது பகலில் அலகு 25 ரூபா. மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை 54. அதன்பின் விடிய ஐந்தரை வரை 13. அதே 24 அலகு 312 ரூபாவோடு முடிந்தது. காரில் நேரத்தைக் குறித்து, வயரைக் கொழுவிவிட்டுப் படுத்தால் சரி. ஆனால் மாலை ஏழு மணிக்குப் போடும் ரைஸ் குக்கரும் 54 ரூபாவில்தான் வெந்தது. வீட்டில் எல்லாரும் ஒத்துழைக்காவிட்டால் கார் மிச்சம் பிடித்ததை அடுப்படி தின்றுவிடும்.

இந்த இரவுக் கட்டணத்தை மின்காருக்குக் கிடைத்த பரிசு என்று பலர் நினைக்கிறார்கள். என் கண்ணுக்கு இது நிலக்கரியின் பிள்ளை. நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் முதல் இயந்திரம் 2011 இல் ஓடத் தொடங்கியது. 2014 இல் மூன்று இயந்திரங்களும் சேர்ந்து 900 மெகாவாற். நிலக்கரிக் கொதிகலனை நினைத்த நேரம் அணைத்து மூட்ட முடியாது. ஊர் உறங்கினாலும் அது எரிய வேண்டும். அந்த நள்ளிரவு மின்சாரத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

அந்த நிலையம் முதலில் எங்கள் ஊருக்கென்று நினைக்கப்பட்டது. 1980களில் திருகோணமலையைத்தான் பார்த்தார்கள். பெரிய கப்பல் நேரே வந்து நிற்கக்கூடிய ஆழம் இங்கே இருக்கிறது. அது சரிவராமல் தெற்கே மாவெல்லவுக்குப் போய், கடைசியில் நுரைச்சோலையில் போய் நின்றது. அங்கே கடல் ஆழமில்லை. கப்பலைத் தூரத்தில் நிறுத்திப் தட்டைப் படகுகளில் நிலக்கரியை இறக்குகிறார்கள். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் அதுவும் இல்லை.

நிலக்கரி இரண்டாம் முறையும் இங்கே வரப் பார்த்தது. கொட்டியாரக்குடாவின் கரையில், 2006 இல் சனங்கள் இடம்பெயர்ந்த சம்பூரில், இந்தியாவோடு சேர்ந்து 500 மெகாவாற் நிலையம் என்றார்கள். 2016 இல் கைவிட்டார்கள்.

மாலை ஆறரைக்கு ஏறும் மின்தேவை பற்றிய பயம் இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. 1990களில் மின்சார சபை மின்சாரம் சேமிக்கும் சிஎஃப்எல் குமிழ்களைத் தவணைக்குக் கொடுத்து, காசை மாதப் பில்லோடு அறவிட்டது. தயவில் செய்த வேலையல்ல. எல்லா வீடும் ஒரே நேரத்தில் லைற் போடும் அந்த நாலு மணித்தியாலத்துக்காக எண்ணெய் எரிப்பதைவிட, குமிழுக்குக் கடன் கொடுப்பது மலிவு.

இப்போது கணக்கு மாறிவிட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்திட்டத்தை இந்திய, இலங்கைத் தலைவர்கள் கொழும்பிலிருந்தே தொடக்கி வைத்தார்கள். அந்த மாதமே, புத்தாண்டு விடுமுறையில், கூரையில் சூரியத் தகடு வைத்திருப்பவர்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. மின்சாரம் மிஞ்சுவது இப்போது மத்தியானத்தில். மத்தியானம் கார் வீட்டில் நிற்பதில்லை. கச்சேரியிலும் ஆஸ்பத்திரியிலும் சந்தைக்கு முன்னாலும் வெயிலில் நிற்கிறது. இனிச் சலுகை கொடுப்பதென்றால் வீட்டு மீற்றருக்கு அல்ல, அந்த நிறுத்துமிடங்களில் பூட்டும் சார்ஜருக்கும் அதன் பகல் கட்டணத்துக்கும் கொடுக்க வேண்டும்.