ஊசி வலியும் மரப்புக் களிம்பும்

ஊசி குத்தும்போது வீறிடும் குழந்தையைக் கண்டு, "பிள்ளை அழத்தான் செய்யும், சற்று நேரத்தில் மறந்துவிடும்" என்று சொல்லாதார் நம்மில் மிகச் சிலரே. இங்ஙனம் சொல்லியவர் தாய்மாரும் பாட்டிமாரும் மட்டுமல்லர். மேல்நாட்டுப் பெரு வைத்தியர் பலரும் அண்மைக்காலம் வரையில் இதனையே சாஸ்திரமாகக் கொண்டிருந்தனர். வலியை மரக்கச்செய்யும் மருந்து கைக்குக் கிட்டி ஏறக்குறைய நூறாண்டு சென்ற பின்னரே, குழந்தையின் தோலில் தடவத்தக்க களிம்பு பிறந்தது. அத்தாமதத்தின் வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாசிகள் தொன்றுதொட்டுக் கோகா இலையை மென்று வந்தனர். வெற்றிலை மெல்லும் நமக்கு இவ்வழக்கம் விந்தையாகத் தோன்றாது. அதனை மெல்லுங்கால் நாவும் உதடும் மரத்துப்போம். அவ்விலையின் சத்தாகிய கொக்கேயினை ஜெர்மனியில் ஆல்பர்ட் நீமான் பிரித்தெடுத்து 1860-ல் வெளியிட்டார். எனினும் அதனை வைத்தியத்திற்கு ஆக்கியவர் வியன்னா நகரத்து இளைஞரான கார்ல் கொல்லர். அவர் 1884-ல் தவளையின் கண்ணிலும், பின்னர்த் தம் கண்ணிலும் அக்கரைசலை விட்டு, குண்டூசியால் தொட்டுப் பார்த்தார், உணர்ச்சியே இல்லை! அவ்வாண்டு செப்டம்பரில் ஹைடெல்பர்க் நகரில் கூடிய கண் வைத்தியர் மகாநாட்டிற்குச் செல்ல அவரிடம் வழிச்செலவுக்குப் பணமில்லை. அவர் கட்டுரையை வேறொருவர் வாசித்தார். சம்பள நாளை எண்ணிக் காத்திருக்கும் குமாஸ்தாக்கள் அவர்பால் இரக்கங் கொள்வார்களாக.

ஆயினும் ஒரு தடை நின்றது. கண்ணும் வாயும் ஈரமான மென்சவ்வு உடையன. தோலின் மேற்புறமோ உலர்ந்து இறுகியது. மேலே தடவிய மருந்து அதனைக் கடந்து நரம்பைச் சேர்வதில்லை. ஆகவே தோலை மரக்கச்செய்ய வேண்டின், அம்மருந்தையே ஊசியால் ஏற்றும்படியாயிற்று. ஊசி வலிக்கு ஊசியே மருந்து! 1905-ல் வழக்கிற்கு வந்த நோவோகேயினும், 1943-ல் சுவீடனில் லோஃப்கிரென், லுண்ட்குவிஸ்ட் என்னும் இருவர் ஆக்கிய லிடோகேயினும் கொக்கேயினினும் மேலானவையே. எனினும் தோலின் தடையை அவை தனித்து வெல்லவில்லை.

மற்றொரு தடை பெரியோரின் மனத்தில் இருந்தது. 1941-ல் நியூயார்க்கில் மெர்டில் மெக்ரா என்னும் அம்மையார், குழந்தைகளை ஊசிமுனையால் குத்திப் பார்த்த ஆராய்ச்சியை வெளியிட்டார். பிறந்த சிசுவின் அசைவு மூளையின் மேற்பகுதியைச் சார்ந்ததன்று என்பது அவர் கருத்து. சிசுவின் நரம்பு முதிரவில்லை, ஆகவே வலியும் இல்லை என்ற எண்ணம் வைத்தியரிடையே வேரூன்றியது. 1980கள் வரையிலும் பல இடங்களில் பச்சிளஞ் சிசுக்களுக்கு அற்ப மயக்க மருந்தோடு இரணசிகிச்சை நடந்தது. அழுகையைக் காதால் கேட்டும், ஏட்டில் எழுதிய கொள்கையையே நம்பினார்கள்! இதனினும் பெரிய மூடநம்பிக்கை வேறு யாது?

அதனை உடைத்தவருள் தலைசிறந்தவர் இந்தியாவிற் பிறந்து ஆக்ஸ்போர்டில் ஆராய்ந்த டாக்டர் ஆனந்த். குறைமாதச் சிசுக்களின் இருதய இரணசிகிச்சையில், வலிநீக்கி முறையாகப் பெற்றவை நலமாகத் தேறின என்றும், பெறாதவை இரத்தத்தில் கடும் அதிர்ச்சிக் குறிகளைக் காட்டி மிகுதியான தொல்லைக்கு உள்ளாயின என்றும் அவரும் கூட்டாளிகளும் 1987-ல் காட்டினர்.

தோலின் தடையும் அக்காலத்தே நீங்கிற்று. சுவீடனில் லிடோகேயினையும் பிரிலோகேயினையும் சம அளவில் கலந்தனர். தனித்தனியே இவை சாதாரண வெப்பத்தில் கட்டியானவை. கலந்த மாத்திரத்தில் எண்ணெயாக உருகின. அவ்வெண்ணெய் தோலினுள் புகும். 'எம்லா' என்னும் பெயரால் 1980களில் வந்த களிம்பு இதுவே.

ஊசி குத்துமிடத்தில் இதனைத் தடவி, மேலே பிளாஸ்திரியிட்டு மூடி, ஒருமணி நேரமாவது காத்திருத்தல் வேண்டும். தோல் வெளுத்துக் காணுதல் இயல்பே. புண்பட்ட தோலில் தடவலாகாது. சிறு சிசுவிற்கு அளவு மிஞ்சித் தடவினால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றும். ஆகையால் வயதிற்கும் எடைக்கும் ஏற்ற அளவை வைத்தியரே சொல்லவேண்டும். பெற்றோர் அவரைக் கேட்கவேண்டிய வேளை ஊசி குத்தும் நேரமன்று. அதற்கு முந்தின நாள்.