அறுந்த அழைப்புகளின் வரலாறு



கைத்தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு நின்றுபோகிறது. மறுபடியும் எண்ணை அழுத்தினால் அழைப்புப் போய்ச் சேருவதில்லை. தோட்டப்புறங்களில் இது அன்றாடம் நடப்பதுதான். உடனே, "போன் கெட்டுப்போய்விட்டது" என்று முடிவுகட்டி, புதியது வாங்கப் பட்டணத்திற்குப் புறப்படுகிறவர்களும் உண்டு. ஆனால், ரப்பர் மரத்தில் பால் குறைந்தால் நாம் மரத்தை மட்டுமா குறை சொல்கிறோம்? வெட்டு சரியாக விழுந்ததா, பட்டை காய்ந்திருக்கிறதா, இரவில் மழை பெய்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம் அல்லவா? தொலைபேசி அழைப்பையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். "எங்கே அறுந்தது?" என்று கேட்ட மனிதர்களால்தான் தொலைபேசியே வளர்ந்தது. அந்த வரலாற்றை இன்று சற்றுக் காண்போம்.

1876-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளுக்குள் பல நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் தோன்றின. வீடுகளிலிருந்து வரும் கம்பிகள் எல்லாம் அந்த நிலையத்தில் கூடும். அங்கே அமர்ந்திருக்கும் ஊழியர், அழைப்பவரின் கம்பியை மறுபக்கத்தாரின் கம்பியோடு கையால் இணைத்துவிடுவார். பல அழைப்புகள் ஒரே நேரத்தில் வந்துவிட்டால், வரிசையில் காத்திருக்கத்தான் வேண்டும்.

அந்த வரிசை ஒருமுறை உயிர்களோடு விளையாடிவிட்டது. 1935-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 10-ஆம் தேதி, லண்டன் மாநகரின் விம்போல் தெருவில் ஒரு மருத்துவரின் வீடு தீப்பற்றிக்கொண்டது. அண்டைவீட்டார் ஒருவர் தீயணைப்புப் படைக்குத் தொலைபேசியில் தகவல் சொல்ல முயன்றார். அவருடைய அழைப்போ மற்ற அழைப்புகளோடு வரிசையில் நின்றது. அந்தத் தீயில் ஐந்து பெண்கள் மாண்டனர். அண்டைவீட்டார் அதோடு சும்மா இருந்துவிடவில்லை. நடந்ததை எழுதி நாளிதழுக்கு அனுப்பினார். அரசாங்கம் விசாரணை நடத்தியது. அதன் பயனாக 1937-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி, லண்டனில் 999 என்ற அவசர எண் நடைமுறைக்கு வந்தது. அந்த எண்ணை அழைத்தால் நிலையத்தில் விளக்கு எரியும், ஒலி எழும். ஊழியர் மற்ற அழைப்புகளை விட்டுவிட்டு அதையே முதலில் எடுப்பார். மலேசியாவில் ஆபத்து நேரத்தில் நாம் அழைக்கும் 999-க்கும் மூலம் அதுவே. போய்ச் சேராத ஓர் அழைப்பிலிருந்து பிறந்த எண் அது.

அடுத்து, கம்பியில்லாத் தொலைபேசிக்கு வருவோம். 1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், கார்களில் பொருத்தும் தொலைபேசிச் சேவை தொடங்கியது. கருவியின் எடை ஏறக்குறைய 36 கிலோ. நகரம் முழுவதற்கும் வலிமைமிக்க ஒரே ஒலிபரப்பி. பேசுவதற்கான அலைவழிகளோ மிகச் சில. ஆகவே ஒரே நேரத்தில் ஒரு சிலர்தான் பேச முடியும்; மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பழைய வரிசைத் தொல்லை இங்கும் வந்து சேர்ந்தது.

இதற்கு 1947-ஆம் ஆண்டு டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் ரிங் ஒரு வழி கூறினார். ஊர் முழுவதற்கும் ஒரே கோபுரம் என்பதை விட்டுவிட்டு, நிலப்பரப்பைத் தேன்கூட்டின் அறைகளைப் போலச் சிறுசிறு வட்டாரங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்திற்கும் குறைந்த வலிமையுள்ள ஒரு கோபுரம் இருக்க வேண்டும். ஓரிடத்தில் பயன்படும் அலைவழியைத் தள்ளியிருக்கும் இன்னோர் இடத்திலும் பயன்படுத்தலாம் என்பதே அவருடைய திட்டம். இன்றைய கைத்தொலைபேசி வலையமைப்பு இந்தக் கருத்தின்மீதே நிற்கிறது.

ஆனால் ஒரு சிக்கல் தீர்ந்தால் இன்னொன்று முளைக்கும். பேசிக்கொண்டே ஒரு வட்டாரத்திலிருந்து அடுத்த வட்டாரத்திற்குப் போகிறவரின் அழைப்பு என்னவாகும்? அறுந்துதான் போகும். இதற்கு அமோஸ் ஜோயல் என்ற பொறியாளர் வகுத்த முறைக்கு 1972-ஆம் ஆண்டில் காப்புரிமை கிடைத்தது. கைக்குழந்தையை ஒரு மடியிலிருந்து மற்றொரு மடிக்கு மாற்றுவதைப் போல, ஒரு கோபுரம் அழைப்பை அடுத்த கோபுரத்திடம் ஒப்படைக்கும். இதைக் கைமாற்றம் எனலாம். ஏந்துகிற கை தயாராக இல்லாவிட்டால் குழந்தை விழும். அதுபோலவே, அடுத்த கோபுரம் எட்டாத தொலைவில் இருந்தாலோ, அதில் இடமில்லாவிட்டாலோ அழைப்பு விழுந்துவிடும்.

மலேசியாவில் 1985-ஆம் ஆண்டில் 'அத்தூர்' என்ற முதல் கைத்தொலைபேசிச் சேவை தொடங்கியது. 1995-ஆம் ஆண்டு முதல் இலக்கமுறைச் சேவைகள் வந்தன. பின்னர் 3ஜி, 4ஜி, 5ஜி என்று தலைமுறைகள் மாறின. 2021-ஆம் ஆண்டு முடிவோடு மலேசியாவில் 3ஜி வலையமைப்பு நிறுத்தப்பட்டது. சிங்கப்பூரிலும் 2024-இல் அதை நிறுத்தத் தொடங்கினர். இங்கேதான் புதுத் தொல்லை ஒன்று புகுந்தது. 4ஜி முதன்மையாக இணையத் தரவுக்காக அமைக்கப்பட்டது. அதன் வழியாகக் குரல் அழைப்பும் போக வேண்டுமானால், 'வோல்ட்டி' என்ற வசதி கைத்தொலைபேசியில் இருக்க வேண்டும். அது இயக்கத்திலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், அழைப்புக்காகக் கருவி பழைய வலையமைப்பைத் தேடும். அது கிடைக்காத இடத்தில் அழைப்புத் தோல்வியுறும்.

இந்த வரலாற்றைக் கொண்டே நம் வீட்டுத் தொல்லையையும் நாம் ஆராயலாம்.

முதலில் நம் கருவியைப் பார்ப்போம். அணைத்துவிட்டு மீண்டும் இயக்குவோம். சிம் அட்டையை வேறொரு கருவியில் போட்டுப் பார்ப்போம். அங்கே அழைப்பு நன்றாகப் போனால் குறை நம் கருவியில்தான். கட்டணம் தீர்ந்துவிட்டதா, அந்த எண்ணை நாமே தடுத்து வைத்திருக்கிறோமா என்பதையும் பார்ப்பது நல்லது.

அலைக்கோடுகள் நிறைய இருந்தும், தீபாவளி போன்ற நாட்களில் மட்டும் அழைப்புப் போகவில்லை என்றால், அது பெரும்பாலும் பழைய வரிசைத் தொல்லை. சற்றுப் பொறுத்து அழைக்கலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம்.

எப்போதும் ஒரே வளைவில், ஒரே மேட்டுக்குப் பின்னால் அழைப்பு அறுந்தால், அது கைமாற்றத் தொல்லை, அல்லது அலை எட்டாத குழி. குன்றுகள் அலையை மறைக்கும். அடர்ந்த செம்பனை ஓலைகளிலுள்ள நீர் அலையை உறிஞ்சும். மேடான, திறந்த இடத்தில் நின்று பேச வேண்டும்.

இணையம் வருகிறது, அழைப்பு மட்டும் போகவில்லை என்றால், வோல்ட்டி அமைப்பைப் பார்க்க வேண்டும். புதுக்கருவி வாங்கும்போதும், "நம் நிறுவனத்தின் சேவையில் இதில் வோல்ட்டி வேலை செய்யுமா?" என்று கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

இன்னொன்றைக் கட்டாயம் நினைவில் வைப்போம். நம் நிறுவனத்தின் அலை இல்லாத இடத்திலும், வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால், 999 அழைப்பு அதன் வழியாகப் போகக்கூடும். ஆகவே ஆபத்து வேளையில் கோடுகள் இல்லையென்று கைவிடாமல் அழைத்துப் பார்க்க வேண்டும். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் இதைச் சொல்லி வைப்போம்.

இவ்வளவு பார்த்தும் குறை தீரவில்லையா? ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், இடம் மூன்றையும் குறித்துவைப்போம். அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குறிப்புகளையும் சேர்த்துக்கொள்வோம். "லைன் சரியில்லை" என்ற பொதுவான முறையீட்டைவிட, எந்த இடத்தில், எந்த நாளில், எத்தனை வீடுகளில் என்று சொல்லும் முறையீடே ஆராய்வதற்கு உதவும். அதை முதலில் சேவை நிறுவனத்திடமும், பதில் வராவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமும் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிக்கொடுக்கட்டும். அதுவும் அவர்களுக்கு ஒரு நல்ல பாடமே.

லயத்து வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் பல மைல். நடுச்சாமத்தில் மூச்சுத் திணறும் ஒரு முதியவருக்கும், வலி கண்ட ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கும் அந்த ஓர் அழைப்புப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். விம்போல் தெருவில் அந்த மனிதர் பேனாவை எடுத்ததால் ஓர் எண் பிறந்தது. நம் குறையை நாமே ஆராய்ந்து, நாமே எடுத்துச் சொல்வோம்.